வரைகலை அட்டை மதிப்பீட்டின் வரலாறு: தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பார்வை

கணினி விளையாட்டின் காட்சிகளைக் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்பும் உறுப்பு வரைகலை அட்டை ஆகும். கடைப் பேச்சில் இது கிராபிக்ஸ் கார்டு. 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடுத்தரத்துக்கு மேற்பட்ட நிலையில் பல புதிய அட்டைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் 5070 அட்டைக்கு இந்தியாவில் ரூ. 59,000 எனவும், 5070 டிஐ அட்டைக்கு ரூ. 80,000 எனவும் தொடக்க விலை அறிவித்தது. ஒரு மாணவரின் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. ஆகவே ஓர் அட்டையை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நஞ்சை நிலத்தை இத்தனை கோட்டை விதைப்பாடு என்று சொல்வது பழைய வழக்கம். நிலத்தின் நீள அகலத்தைக் கூறாமல், அதில் விதைக்க எவ்வளவு நெல் வேண்டும் என்பதைக் கொண்டு அளந்தார்கள். பொருளை அதன் பயனால் அளக்கும் முறை இது. வரைகலை அட்டையின் அளவுகோலும் மெல்ல மெல்ல இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது.

தொடக்க காலம்

ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அக்கணினியின் வண்ணக் காட்சி அட்டையில் 16 கிலோபைட் நினைவகம் இருந்தது. 320 × 200 புள்ளிகளில் ஒரே நேரத்தில் 4 நிறங்களைக் காட்டியது. இன்று 16 ஜிகாபைட் கொண்ட அட்டை அதைப்போல் 10 லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட நினைவகம் உடையது. அந்நாளில் மதிப்பீடு எளிது: எத்தனை நிறம், எத்தனை புள்ளி என்று பார்த்தால் போதும்.

1996-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை முப்பரிமாண விளையாட்டை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1999-இல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 அட்டையை வெளியிட்டு, அதை ஜிபியு, அதாவது வரைகலைச் செயலகம் என்று அழைத்தது. அதுவரை மையச் செயலகம் செய்துவந்த வடிவக் கணக்குகளையும் ஒளிக் கணக்குகளையும் இந்தச் சில்லு தானே ஏற்றுக்கொண்டது.

சராசரி எண்ணும் அதன் சிக்கலும்

இக்காலத்தில் நொடிக்கு எத்தனை பிரேம் என்பதே பொது அளவுகோல் ஆயிற்று. குவேக் விளையாட்டில் முன்பே பதிவு செய்த ஓர் ஆட்டத்தை ஓடவிட்டால், முடிவில் சராசரி வேகம் எண்ணாகக் கிடைக்கும். 1998-இல் 3டிமார்க் என்ற தனிச் சோதனை மென்பொருளும் வந்தது. இதழ்கள் பட்டை வரைபடங்கள் போட்டன. நீளமான பட்டை வென்றது.

ஆனால் ஓர் எண்ணை வைத்து விற்பனை நடந்தால், அந்த எண்ணை உயர்த்துவதே தொழிலாகிவிடும். 2001-இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 அட்டையைச் சோதித்தவர்கள், குவேக் 3 நிரலின் பெயரை 'குவாக்' என்று மாற்றி ஓட்டினார்கள். வேகம் குறைந்தது, காட்சித் தரம் கூடியது. விளையாட்டின் பெயரைக் கண்டறிந்து, தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டும்படி டிரைவர் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 2003-இல் 3டிமார்க் சோதனையில் என்விடியாவின் டிரைவர் குறித்து இதேபோன்ற சர்ச்சை எழுந்தது. பின்னர் இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை வெளியிட்டு, அதை ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கான சீரமைப்பு என்று கூறின. இதன் பிறகு வேகத்துடன் படத்தின் தரத்தையும் ஒப்பிடும் வழக்கம் வலுப்பெற்றது.

நொடிக்குள் என்ன நடக்கிறது

2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன் ஒரு புதிய கேள்வியை எழுப்பினார். ஒரு நொடியில் 50 பிரேம்கள் தலா 16 மில்லிநொடியில் வந்து, ஒரே ஒரு பிரேம் மட்டும் 200 மில்லிநொடி எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 51 பிரேம். சராசரி நன்றாகவே இருக்கிறது. ஆனால் விளையாடுபவர் கண்ணுக்கு அந்த ஒரு திக்கல்தான் தெரியும். எனவே ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தனித்தனியே அளக்க வேண்டும் என்றார் அவர். இன்றைய மதிப்புரைகளில் சராசரிக்குப் பக்கத்தில் காணப்படும் '1 விழுக்காட்டுத் தாழ்நிலை' என்ற எண் இந்தச் சிந்தனையின் வழிவந்ததே.

தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியதும் அதே 2011 செப்டம்பரில்தான். நெல்லைச் சீமையின் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி அவ்வழியாகவே வந்தது. அவற்றில் தனி வரைகலை அட்டை இல்லை. விளையாட்டின் திக்கல் என்ன என்பதை அந்த மாணவர்கள் வரைபடம் பார்க்காமலே அறிந்திருந்தார்கள்.

நினைவகப் பாடம்

2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 970 நல்ல விலையில் நல்ல வேகம் தந்து புகழ்பெற்றது. ஆனால் அதன் 4 ஜிகாபைட் நினைவகத்தில் கடைசி அரை ஜிகாபைட் மிக மெதுவாக இயங்கியது என்பது 2015 ஜனவரியில் தெரியவந்தது. பெட்டியில் அச்சிட்ட எண் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070 வேறொரு பாடம் தந்தது. வெளிவந்தபோது அதன் 8 ஜிகாபைட் போதுமானதாகவே தெரிந்தது. 2023-இல் வந்த சில பெரிய விளையாட்டுகளில் உயர்தர அமைப்புக்கு அது பற்றவில்லை. சில்லின் வேகம் மிச்சமிருக்க, நினைவகம் முதலில் தீர்ந்துபோனது. அட்டையை வாங்கும் நாளின் சோதனை, மூன்றாண்டு கழித்து வரும் தேவையைச் சொல்லாது.

2025: ஊகித்து வரையும் பிரேம்கள்

2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள 5070 அட்டை முந்தைய தலைமுறையின் உச்ச அட்டையான 4090-க்கு இணையான செயல்திறன் தரும் என்றார். அந்த ஒப்பீடு செயற்கை நுண்ணறிவால் இடைச்செருகும் பிரேம்களையும் சேர்த்தே எண்ணியது. புதிய முறையில் உண்மையாகக் கணக்கிட்ட ஒரு பிரேமுக்கு மூன்று பிரேம்கள் வரை ஊகித்து வரையப்படுகின்றன. திரையில் 240 என்று காட்டினாலும், விசையை அழுத்தியதற்கான எதிர்வினை 60-க்கு உரிய வேகத்திலோ அதைவிடச் சற்றுத் தாமதமாகவோதான் வரும். அசைவு வழுவழுப்பாகத் தெரிவது உண்மை. அட்டை நான்கு மடங்கு வேகமானது என்பது உண்மையல்ல.

ஆகவே 12 ஜிகாபைட் கொண்ட 5070, 16 ஜிகாபைட் கொண்ட 5070 டிஐ, ஏஎம்டியின் 16 ஜிகாபைட் ரேடியான் 9070 எக்ஸ்டி ஆகியவற்றை ஒப்பிடுபவர் இரண்டு அட்டவணைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, இடைச்செருகல் இல்லாத வேகம். மற்றது, அதைச் சேர்த்த வேகம். முதலாவதே அடித்தளம்.

நெல்லையில் மதிப்பிடுதல்

பெரும்பாலான சோதனைகள் குளிரூட்டிய அறைகளில் நடப்பவை. அட்டை தன் வெப்பத்தை அறைக் காற்றில்தான் இறக்கி வைக்கிறது. அறை 23 டிகிரியிலிருந்து 36 டிகிரிக்கு உயர்ந்தால், சில்லின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு உயரப் பார்க்கும். விசிறி இரையும்; வரம்பை நெருங்கினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாளையங்கோட்டையின் அக்கினி நட்சத்திர வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறையில் விளையாடுபவருக்கு, பெரிய வெப்பக் கடத்தியும் காற்றோட்டமுள்ள பெட்டியும் அலங்காரம் அல்ல.

அடுத்தது மின்சாரம். தாமிரபரணி நீரில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. இன்று கூடங்குளம் அணுமின் நிலையமும் இராதாபுரம், பணகுடிப் பகுதிக் காற்றாலைகளும் இதே மாவட்டத்தில்தான் உள்ளன. இருந்தும் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீண்ட மின்வெட்டை நெல்லை கண்டது. அன்று பழகிய சிறிய யுபிஎஸ் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். 5070 டிஐ அட்டை மட்டுமே 300 வாட் வரை இழுக்கக்கூடியது; செயலகத்தையும் திரையையும் சேர்த்தால் அந்த யுபிஎஸ் தாங்காது. இந்த அட்டைக்கு என்விடியா பரிந்துரைப்பது 750 வாட் மின்வழங்கி. பழைய மின்வழங்கியையும் யுபிஎஸ்ஸையும் மாற்றும் செலவையும் அட்டையின் விலையோடு கூட்ட வேண்டும்.

மின்கட்டணமும் கணக்கில் வரும். 300 வாட் அட்டையில் நாளுக்கு 3 மணி நேரம் முழுச் சுமையில் விளையாடினால் 60 நாளில் 54 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், கோடையில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டை இந்த 54 யூனிட் மேலடுக்குக் கட்டணத்துக்குத் தள்ளிவிடலாம்.

கடைசியாக, திரையும் ஆட்டமும். 1080 வரித் திரையில் வேலரண்ட் மட்டும் ஆடுபவருக்கு இந்த நிலை அட்டை தேவையே இல்லை. அங்கே பெரும்பாலும் மையச் செயலகமே தடையாக நிற்கும். 1440 வரித் திரையில் ஒளிக்கதிர்ப் பின்தொடர்வுடன் பெரிய விளையாட்டுகளை ஆடுபவருக்கும், அதே அட்டையில் பிளெண்டர் போன்ற முப்பரிமாண வேலை செய்யும் மாணவருக்கும் 16 ஜிகாபைட் பொருத்தமான தேர்வு.

வரலாறு தரும் ஒழுங்கு

நிறம், நினைவகம், சராசரி வேகம், பிரேம் நேரம், ஊகித்த பிரேம் என அளவுகோல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய எண் எதையோ மறைத்ததே காரணம். எனவே வாங்குபவர் கேட்க வேண்டிய வரிசை இது: நான் ஆடுவது எந்த விளையாட்டு, என் திரை எத்தகையது, இடைச்செருகல் இல்லாத வேகமும் அதன் தாழ்நிலையும் எவ்வளவு, நினைவகம் எத்தனை ஆண்டு தாங்கும், என் அறையும் மின்வழங்கியும் இதைச் சுமக்குமா. விலைப்பட்டியலைக் கடைசியில் எடுத்தால், எத்தனை ரூபாய் தேவை என்பதற்கு முன் எந்த அட்டை தேவை என்பது தெரிந்திருக்கும். சிலருக்கு அந்த விடை, இருக்கும் அட்டையே போதும் என்பதாகவும் அமையும்.