தலைச்சீராவும் குல்லாயும்

திருமலைக் கோயிலின் மகாதுவாரத்தைக் கடந்து செல்வோர், கிருஷ்ணராயர் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் செப்புத் திருவுருவங்களைக் காண்பர். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரும் அவர்தம் தேவியரான திருமலாதேவியும் சின்னாதேவியுமே அவர்கள். வரிசை நகரும் விரைவில் அரசர் தலையில் இருப்பது யாதென உற்று நோக்க நம்மில் பலருக்கு நேரம் வாய்ப்பதில்லை. அது மணிமுடியன்று, உயர்ந்து கூம்பிய துணித் தொப்பியாகும். அக்காலத்தார் அதனைக் 'குல்லாயி' என்றனர். பாரசீக மொழியின் 'குலாஹ்' என்பதே அவ்வாறு திரிந்தது. மார்கழிக் குளிரில் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் மாட்டிவிடும் குல்லாயும் அச்சொல்லேயாம்! 1513-ஆம் ஆண்டில் முதன்முறையாக மலையேறி வந்து பெருமாளுக்கு மணிகள் இழைத்த முடியைச் சாத்திய பேரரசர், தாம் குல்லாயோடு நின்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இது அரசவையில் அணிந்தது. போர்க்களத்தில் அவருடைய வீரர் தலையைக் காத்தது எது? தலைக்கவசம் என்றால் இன்று மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணிவதே நம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழ் இதற்குத் 'தலைச்சீரா' என்று தனிப்பெயரே வைத்திருந்தது. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்தைக் கண்ட போர்த்துக்கேயராகிய தொமிங்கோ பயஸ், குதிரை வீரர்கள் பிடரியை மறைக்கும் விளிம்பும் முகத்தைக் காக்கும் தனிப் பகுதியும் கொண்ட தலைச்சீராக்களை அணிந்திருந்தனர் என்று எழுதி வைத்தார். அவர்கள் உடலில் தரித்தவை பஞ்சு அடைத்துத் தைத்த அங்கிகள்; பதப்படுத்தாத தோலும் இரும்புத் தகடும் அவற்றில் சேர்ந்திருந்தன. நம் நாட்டு வெயிலுக்கு முழு இரும்பைவிட இவை ஏற்றவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பஞ்சையும் தோலையும் கறையான் விட்டுவைக்குமா? இரும்போ, எவன் கையில் கிடைத்ததோ அவன் உலைக்குப் போயிற்று.

நமக்கு அண்மையிலுள்ள சந்திரகிரியையே எடுத்துக்கொள்வோம். விஜயநகரத்தின் பிற்கால அரசர்கள் இருந்து ஆண்ட கோட்டை அது. 1646-இல் கோல்கொண்டாவுக்கும், பின்னர் ஆற்காட்டு நவாபுக்கும், 1782-இல் ஹைதர் அலிக்கும் அது கைமாறியது. ஒவ்வொரு முறையும் புதியவர் பழையவரின் படைக்கலங்களை எடுத்தாண்டிருப்பர், அல்லது உருக்கியிருப்பர். ராஜமஹால் இன்று தொல்பொருள் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. சிலைகளைக் கண்டு களிக்க அங்கே குடும்பத்தோடு செல்லலாம். அக்கோட்டையைக் காத்த வீரனின் தலைச்சீராவைத் தேடுவோர் வேறிடம் போக வேண்டும்.

அவ்வேறிடம் எது தெரியுமா? இராஜபுதனத்துப் பாலைவனம்!

நம் மாநிலத்தில் கர்நூல் மாவட்டத்து ஆதோனி, விஜயநகரத்தின் வலிய கோட்டைகளுள் ஒன்றாக இருந்து, 1565-ஆம் ஆண்டுத் தோல்விக்குப்பின் பீஜப்பூர் சுல்தான்கள் வசம் சென்றது. 1680-களின் இறுதியில் ஒளரங்கசீப்பின் படைகள் அதனைக் கைப்பற்றின. அப்படைத்தலைவர்களுள் ஒருவர் பீக்கானேர் மன்னர் அனூப்சிங். இவர் வெறும் கொள்ளைக்காரர் அல்லர். தக்காணத்தில் வடமொழிச் சுவடிகளைத் திரட்டித் தம் ஊருக்கு அனுப்பியவர். அவர் பெயரால் ஒரு நூலகமே அங்கு உண்டு. சுவடிகளைப் போலவே ஆதோனியின் படைக்கலங்களும் பீக்கானேர் சென்றன. அங்குள்ள ஆயுதசாலையார் ஒரு நற்செயல் புரிந்தனர். பொருளின்மீது சிறு புள்ளிகளாகக் குத்தி, தேவநாகரி எழுத்தில், மன்னரின் பெயரையும் விக்கிரம ஆண்டையும் ஆதோனியில் பெற்றது என்ற செய்தியையும் பொறித்துவிட்டனர். விக்கிரம ஆண்டில் 57-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு கிட்டும்.

கணக்குப்பிள்ளையின் இந்தப் புள்ளிகள்தாம் இன்று ஆராய்ச்சியாளருக்குக் கண்கள். அப்படைக்கலங்களுட் சில விலைபோய் நியூயார்க், லண்டன் வரை சிதறிவிட்டன. எனினும் புள்ளியெழுத்தைப் படித்த மாத்திரத்தில், இது தென்னாட்டு இரும்பு என்று கூறிவிட இயலுகிறது. 2004-இல் இந்துப் படைக்கலங்களைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட ராபர்ட் எல்குட் போன்றோர், விஜயநகர மரபுப் படைக்கலங்களை அடையாளங் காண்பதற்கு இவற்றைப் பெரிதும் துணைகொண்டனர்.

வென்றவன் வீட்டில் தோற்றவனின் தலைச்சீரா வாழ்வது இருபதாம் நூற்றாண்டிலும் நிகழ்ந்தது. போலந்து நாட்டுப் படை 1931-ஆம் ஆண்டு மாதிரி எஃகுத் தலைச்சீராவை அணிந்து 1939-இல் போரிட்டது. நாடு வீழ்ந்ததும் ஜெர்மானியர் அவற்றைத் திரட்டி, வேறு வண்ணம் பூசி, தம் நகரங்களின் விமானத் தாக்குதல் தற்காப்புத் தொண்டருக்கு வழங்கினர். இன்று அவற்றைச் சேகரிப்போர் மேற்பூச்சுக்கு அடியில் 'சாலமாந்த்ரா' என்னும் சொரசொரப்பான பழைய வண்ணம் தெரிகிறதா, உட்புறத்தில் ஆலை முத்திரை இருக்கிறதா, உள்ளிட்ட தோல் எத்தகையது என்று பார்த்தே போலந்துடையது எனத் துணிகின்றனர். மேற்பூச்சை மட்டும் நம்பினால் ஜெர்மனியின் கணக்கில் எழுதிவிட நேரும்.

தமிழகத்தின் கதை இவ்வளவு நற்பேறுடையதன்று. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்ததும் ஆங்கிலேயர் அவ்வரசை எடுத்துக்கொண்டனர். அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகக் குவிந்திருந்த வாள்களும் கட்டாரிகளும் ஈட்டிகளும் அடுத்த சில ஆண்டுகளில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. வால்ஹவுஸ் என்னும் சென்னை அரசு அதிகாரி சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துப் பிரித்து வைத்ததனால் ஒரு பகுதி தப்பியது. அவரே 1878-இல் 'இந்தியன் ஆண்டிக்வரி' இதழில் அவ்வாயுதசாலையைப் பற்றி எழுதினார். சிற்பியின் கைவண்ணமெல்லாம் இரும்பின் எடைக்குப் போனதை என்னென்பது!

தப்பிய அப்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருப்பதியிலிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் சென்னையை அடையலாம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அங்குள்ள தஞ்சைக் கட்டாரிகளின் அலகுகளைச் சற்றே உற்று நோக்குக. சிலவற்றின் கைப்பிடி தஞ்சைக் கொல்லருடையது. அலகோ கடல்கடந்து வந்த ஐரோப்பிய வாளை வெட்டிப் பொருத்தியது.