போசூ சிம்பன்சிகளின் கொட்டை உடைப்பு

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் தென்கிழக்கு மூலையில், நிம்பா மலைக்கு அருகில் உள்ள ஊர் போசூ. ஊரை ஒட்டிய குன்றுக் காடுகளில் வாழும் சிம்பன்சிகள் எண்ணெய்ப்பனைக் கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்கின்றன. ஊராரான மானோன் மக்கள் அவற்றைத் தம் முன்னோரோடு சேர்த்து எண்ணுவதால் வேட்டையாடுவதில்லை. மனிதர் குடியிருப்புக்கு இத்தனை அருகில் ஒரு கூட்டம் தப்பிப் பிழைத்ததற்கு இந்த நம்பிக்கையே முதல் காரணம்.

ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா 1976இல் இங்கே ஆய்வைத் தொடங்கினார். பின்னர் வந்த தெத்சுரோ மாத்சுசாவா, 1988 முதல் காட்டுக்குள் ஒரு திறந்த வெளியில் கற்களையும் கொட்டைகளையும் போட்டுவிட்டு, புல் மறைப்புக்குப் பின்னாலிருந்து நடப்பதைப் பதிவு செய்தார்.

பார்க்க எளிதாகத் தோன்றும் வேலைதான். அடியில் ஒரு கல், அதன்மேல் கொட்டை, கையில் இன்னொரு கல். ஆனால் மூன்று பொருள்களையும் சரியான வரிசையில் சேர்க்க வேண்டும். அடி ஓங்கினால் பருப்பு நசுங்கிவிடும். குறைந்தால் கொட்டை உருண்டோடும். ஒவ்வொரு சிம்பன்சியும் கல்லால் அடிக்க எப்போதும் ஒரே கையைத்தான் பயன்படுத்துகிறது. சிலவற்றுக்கு வலக்கை, சிலவற்றுக்கு இடக்கை. அடிக்கல் சரிந்திருந்தால் அதற்குக் கீழே சிறு கல்லை முட்டுக்கொடுத்துச் சமன்செய்வதும் காணப்பட்டிருக்கிறது. கருவியைச் சீராக்க இன்னொரு கருவி என்பதால் இதை ஆய்வாளர்கள் தனியாகக் குறிப்பிடுகிறார்கள்.

இந்தத் திறமை வருவது மூன்று முதல் ஐந்து வயதுக்குள். ஏழு வயதுவரை வராவிட்டால் பிறகு வருவதே இல்லை. போசூவிலேயே கடைசிவரை உடைக்கத் தெரியாத பெரியவை இருந்தன. தாய் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. குட்டி ஒட்டி உட்கார்ந்து முகத்தைக் கல்லருகே கொண்டுபோய்ப் பார்க்கிறது. தாய் உடைத்த பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. தாய் தடுப்பதில்லை, விரட்டுவதில்லை. பின்னர் குட்டி கல்லைக் கொட்டைமேல் வைத்துப் பார்க்கும், கையால் அறையும், காலால் மிதிக்கும். ஆண்டுக்கணக்கில் தானாக ஒரு பருப்பும் கிடைக்காவிட்டாலும் விடுவதில்லை. கருவி அறிவு என்று நாம் சொல்வதில் பாதி, இந்தத் தாயின் பொறுமை என்றே கொள்ள வேண்டும்.

யாரைப் பார்த்துக் கற்பது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1990களில் போசூக் காட்டில் கிடைக்காத கூலா என்ற கொட்டையை ஆய்வாளர்கள் கொண்டுவந்து வைத்தனர். யோ என்ற மூத்த பெண் சிம்பன்சி தயங்காமல் எடுத்து உடைத்தது. அது கூலா விளையும் வேறொரு காட்டில் பிறந்து இங்கு வந்திருக்கலாம் என்பது மாத்சுசாவாவின் கருத்து. இளையவை சூழ்ந்து நின்று பார்த்தன. மூத்தவையோ தம்மைவிட இளையவற்றின் செயலைப் பொதுவாகக் கவனிப்பதில்லை.

கல்லும் கொட்டையும் இருந்தால் மட்டும் இந்த வழக்கம் தோன்றிவிடாது. 1960இல் ஜேன் குட்டால் கரையான் பிடிக்கும் குச்சிகளைக் கண்டறிந்த தான்சானியாவின் கோம்பேயில் எண்ணெய்ப்பனையும் கற்களும் உண்டு. ஆனால் அங்குள்ள சிம்பன்சிகள் கொட்டையை உடைப்பதில்லை. கோட்டிவார் நாட்டின் தாய் (Taï) என்ற காட்டிலோ, சிம்பன்சிகள் சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்திய கற்கள் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டுள்ளன.

2003இல் சளிக்காய்ச்சல் போன்ற தொற்றில் சுமார் இருபது உயிர்கள் கொண்ட போசூக் கூட்டத்தில் ஐந்து இறந்தன. இறந்த குட்டிகளில் ஒன்றின் உடலை அதன் தாய் 68 நாள் சுமந்து திரிந்தது. அதன் பிறகு கூட்டம் மீளவில்லை. பத்துக்கும் கீழே சுருங்கியது. போசூவுக்கும் நிம்பா மலைக்கும் நடுவே சில கிலோமீட்டர் புல்வெளி கிடக்கிறது. அதைத் தாண்டிப் புதிய பெண் சிம்பன்சிகள் வந்து சேர வழியாக, 1997 முதல் அங்கே மரக்கன்றுகள் நடப்பட்டு வருகின்றன.