மர்த்தன வைத்தியர் சங்கங்களும் தொடர்கல்வியும்

தைலமிட்டோ வெறுங்கையாலோ தேகத்தைத் தடவியும் பிசைந்தும் தேய்த்தும் தட்டியும் நோவைத் தணிக்கும் மர்த்தனம், இன்று எல்லோரும் மசாஜ் என்றே வழங்கும் தொழில், ஏறக்குறைய எல்லாத் தேசங்களிலும் மிகப் பழமையானது. ஆயினும் அதைச் செய்வோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, பரீட்சை வைத்து, தேறியவர்களை மட்டும் தம்மவரென ஒப்புக்கொண்டு, தேறியவர்களும் தொழிலில் உள்ளவரை படித்துக்கொண்டே இருக்க வேண்டுமென்று விதி செய்துகொண்டது பெரும்பாலும் சென்ற நூற்று முப்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த காரியமாகும். இச்சங்கங்களின் சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்பவருக்கு, அவற்றை முதலில் கூட்டிவைத்தது கல்வியின்மேல் உள்ள பற்றைக் காட்டிலும் அபவாதத்திற்கு அஞ்சிய அச்சமே என்பதும், கல்விப் பற்று அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது என்பதும் புலப்படும்.

இதற்கு விலக்காக ஜப்பானைச் சொல்லலாம். அங்கே அன்மா என்னும் மர்த்தனக் கலை எடோ காலத்தில் பார்வையற்றோரின் ஜீவனோபாயமாக நிலைபெற்றது. டோடோஸா என்ற பார்வையற்றோர் சங்கம் படிப்படியான பதவிகளை வகுத்துத் தன் அங்கத்தினரை ஆண்டுவந்தது. தாமே பார்வையிழந்தவராகிய ஸுகியாமா வாயிச்சி (1610–1694) ஷோகுன் த்ஸுனயோஷியின் ஆதரவைப் பெற்று, ஊசி வைத்தியத்தையும் அன்மாவையும் முறையாகப் போதிக்கும் பாடசாலைக்கு வழி செய்தார். 1871-இல் மெய்ஜி சர்க்கார் அச்சங்கத்தைக் கலைத்துவிட்டபோதிலும் தொழிலும் போதனையும் அழிந்துவிடவில்லை. 1947-இல் இயற்றிய சட்டத்தின் வழியில் இன்றும் மூன்றாண்டுப் படிப்பும் அரசாங்கப் பரீட்சையும் நடைபெறுகின்றன; பார்வையற்றோர் பள்ளிகளில் இப்பாடம் இடம்பெற்றிருக்கிறது.

ஐரோப்பாவில் இத்தொழிலுக்குச் சாஸ்திர மதிப்பைத் தேடித்தந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். 1813-இல் ஸ்டாக்ஹோமில் தேகப் பயிற்சிக்கெனத் தனிக் கலாசாலை நிறுவிய பெர் ஹென்ரிக் லிங் ஒருவர். கைவேலையைத் தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று வகைப்படுத்தி, இன்றும் வகுப்புகளில் வழங்கும் பிரெஞ்சுப் பெயர்கள் பரவுவதற்குக் காரணமாயிருந்த டச்சு வைத்தியர் யோஹான் மெஸ்கர் மற்றொருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் நகரத்துச் செல்வர்களிடையே இச்சிகிச்சை ஒரு நாகரிகமாகவே பரவிற்று. பரவிய வேகத்தில் போலிகளும் பெருகினார்கள். சில வாரப் பழக்கத்துக்குப்பின் அத்தாட்சிப் பத்திரம் வழங்கும் பள்ளிகளும், பத்திரிகைகளில் மசாஜ் நிலையமென்று விளம்பரம் செய்துவிட்டு உள்ளே விபசாரம் நடத்தும் வீடுகளும் தோன்றவே, 1894-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அவற்றைக் கண்டித்து எழுதி, பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அக்கண்டனம் குற்றமற்றவர்கள் தலையிலும் விழுந்தது. ஆஸ்பத்திரித் தாதிகளாயிருந்து மர்த்தனம் கற்று அதனால் கண்ணியமாகப் பிழைத்துவந்த பெண்கள், தம் தொழிலின் பெயரை வெளியில் சொல்லவும் கூசும் நிலைமை ஏற்பட்டது.

அவ்வாண்டு முடிவதற்குள் லூசி ராபின்ஸன், ரோஸலிண்ட் பாஜெட், எலிஸபெத் மான்லி, மார்கரெட் பால்மர் என்ற நான்கு பெண்மணிகள் சேர்ந்து பயிற்சிபெற்ற மர்த்தனப் பெண்கள் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அச்சங்கத்தின் விதிகள் சிலவே. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அபவாதத்தைக் குறிவைத்து எழுதப்பட்டது. வைத்தியர் உத்தரவின்றி எவருக்கும் சிகிச்சை செய்தலாகாது. புருஷர்களுக்கு உடல்முழுதும் மர்த்தனம் செய்வது பொதுவாக விலக்கு, அவசரமான நோய்களில் வைத்தியர் விசேஷமாகக் கேட்டுக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. வைத்தியப் பத்திரிகைகளைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக் கூடாது. நோயாளிகளுக்கு மருந்து விற்கக் கூடாது. இவ்விதிகள் இக்காலத்தவருக்குக் கடுமையாகவும், ஓரிடத்தில் சற்று வேடிக்கையாகவும்கூடத் தோன்றலாம். எனினும் விளம்பரத்தால் கெட்ட பெயரை விளம்பரத்தைத் துறந்தே மீட்க முடியும் என்று அவர்கள் கண்டுகொண்டது நல்ல உலகியல் ஞானமே. மறுவருஷமே பரீட்சைகள் தொடங்கின; உடற்கூறு தெரியாதவர் கை எத்துணை பழகிய கையாயினும் தேறுவதில்லை என்றாயிற்று.

முதல் உலக யுத்தம் இச்சங்கத்தின் நிலையை அடியோடு மாற்றியது. காயம்பட்டு வந்த சிப்பாய்களின் மடங்காத முழங்கால்களையும் சூம்பிய கைகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தைவிடக் கைகளே அதிகமாகத் தேவைப்பட்டன. அல்மெரிக் பாஜெட் என்ற பிரபுவும் அவர் மனைவியும் 1914-இல் தம் பொருட்செலவில் அமைத்த மர்த்தனப் படையில் பயிற்சிபெற்ற பெண்கள் சேர்ந்து ராணுவ முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பணிபுரிந்தார்கள். யுத்தத்தில் கண்ணிழந்த வீரர்களுக்கு ஸெயின்ட் டன்ஸ்டன்ஸ் நிலையம் இத்தொழிலைக் கற்பித்து, பரீட்சைக்கும் அனுப்பிவைத்தது. 1920-இல் சங்கத்துக்கு ராஜ சாஸனம் கிடைத்தது. ஆண்களுக்கும் கதவு திறந்தது. 1944-இல் அது இயன்முறைச் சிகிச்சையாளர் சங்கமென்று பெயர் மாற்றிக்கொண்டது. மர்த்தனத்தின் மானத்தைக் காக்கப் பிறந்த ஸ்தாபனம் ஐம்பது வருஷத்துக்குள் மர்த்தனம் என்ற சொல்லையே தன் பெயரிலிருந்து நீக்கிவிட்டது. மின்சார சிகிச்சையும் தேகப்பயிற்சியும் முன்வரிசைக்கு வந்தன. கைவேலையை மட்டுமே நம்பியவர்கள் கௌரவத்தைப் புதிதாகத் தேடிக்கொள்ள நேர்ந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அத்தேட்டம் தனியாகத் தொடங்கிற்று. 1943-இல் சிகாகோ நகரத்தில், ஸ்வீடிஷ் முறையைக் கற்பித்த கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்கள் கூடி அமைத்த சங்கமே, பெயர் இருமுறை திருந்தி, 1983 முதல் அமெரிக்க மசாஜ் தெரபி சங்கமென்று விளங்குகிறது. 1987-இல் கொலராடோ மாநிலத்தில் மற்றொரு பெரிய சங்கம் தோன்றியது. நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் குறைந்த செலவில் கிடைக்கிறது என்பதற்காகவே இவற்றில் சேர்பவர்கள் அநேகர். சேர்ந்தபின்னரே மாநாடும் சஞ்சிகையும் வகுப்பும் கண்ணில் படுகின்றன. அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நாட்டில் உரிமம் கொடுப்பது மத்திய சர்க்காருக்குரிய காரியமன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வாரியமும் தனிச் சட்டமும் உண்டு. டெக்ஸாஸில் ஐந்நூறு மணி நேரம் படித்தவர் பரீட்சைக்கு அமரலாம். நியூயார்க்கில் ஆயிரம் மணி வேண்டும். 1992-இல் தேசிய அத்தாட்சி வாரியமொன்று நாடு முழுமைக்கும் பொதுவான பரீட்சையைக் கொண்டுவந்தது. 2005-இல் மாநில வாரியங்கள் தாமே ஒரு கூட்டமைப்பாகி, இரண்டு வருஷத்தில் எம்பிளெக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் உரிமப் பரீட்சையை ஏற்படுத்தின. வாரியம் பொதுஜனங்களைத் தொழிலாளியிடமிருந்து காப்பதற்கென்றே உள்ளது. சங்கம் தொழிலாளியின் நலனைக் காப்பதற்கென்று உள்ளது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, தம்மீது புகார் எழுந்த வேளையில் வாரியம் தமக்காகப் பரிந்து பேசுமென்று எதிர்பார்த்து ஏமாறுவதுண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தப் பாகுபாடு இன்னும் தெளிவானது: 1991-ஆம் வருஷச் சட்டத்தால் அமைந்த காலேஜ் என்னும் பெயருடைய ஒழுங்காற்றுக் குழு, பெயருக்கு மாறாக, பாடம் நடத்துவதில்லை, பதிவு செய்வதும் விசாரிப்பதுமே அதன் வேலை.

தொடர்கல்வி என்பது உரிமத்தைப் புதுப்பிக்கும்போது காட்டவேண்டிய கல்விக் கணக்காகும். ஃபுளோரிடாவில் இரண்டு வருஷத்துக்கு இருபத்துநான்கு மணி. டெக்ஸாஸில் அதே காலத்துக்குப் பன்னிரண்டு. நியூயார்க்கில் 2012 முதல் மூன்று வருஷத்துக்கு முப்பத்தாறு. கலிபோர்னியாவில் 2009 முதல் அத்தாட்சி வழங்கிவரும் குழுவோ தொடர்கல்வி மணிகளைக் கேட்பதே இல்லை. இவ்வேறுபாடுகளுக்குச் சாஸ்திர ஆதாரம் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு சட்டசபையின் பேரத்திலும் எது எஞ்சியதோ அதுவே விதியாயிற்று. மணிகளில் ஒரு பகுதி தொழில் ஒழுக்கத்துக்கும் சட்டத்துக்கும் சிகிச்சைப் பிழைகளைத் தவிர்ப்பதற்கும் என்று சில மாநிலங்களில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஃபுளோரிடாவில் மனிதக் கடத்தலை அடையாளம் கண்டுகொள்ளும் பாடமும் உண்டு. 1894-இன் அபவாதம் இன்னும் முற்றிலும் விலகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தொடர்கல்வியின் உண்மையான அவசியம், பள்ளியில் கற்றது பொய்யாகிவிடும் இடங்களில் வெளிப்படுகிறது. உழைத்த தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மர்த்தனம் பிழிந்து வெளியேற்றுகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் போதித்து வந்தார்கள். உழைப்பு நின்றபின் அது ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பெரும்பாலும் தானே அகன்றுவிடுகிறது; 2010-இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, முன்கை உழைத்த உடனே செய்யும் மர்த்தனம் இரத்த ஓட்டத்தைத் தடுத்து அதன் அகற்சியைத் தாமதப்படுத்தவே செய்கிறது என்று காட்டியது. இதை அறியாமல் பழைய பாடத்தையே இன்றும் வாடிக்கையாளரிடம் ஒப்பிப்பவர்கள் குறைவல்லர்.

இதனினும் கனமான உதாரணம் புற்றுநோய். அந்நோய் கண்டவர் தேகத்தில் கை வைக்கலாகாது, வைத்தால் இரத்த ஓட்டம் பெருகி நோய் பரவும் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. அவர்கள் மாடிப்படி ஏறும்போதும் வெந்நீரில் குளிக்கும்போதும் பெருகும் இரத்த ஓட்டத்தைப்பற்றி மட்டும் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் மூன்றாண்டுகளில் சிகிச்சை பெற்ற 1,290 நோயாளிகளின் குறிப்புகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்டபோது, வலி, அயர்ச்சி, கவலை, குமட்டல் முதலிய துன்பங்களின் அளவு மர்த்தனத்துக்குப்பின் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கக் கண்டார்கள். ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லாத ஆய்வாதலால் அதை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. ஆயினும் வகுப்புகளின் போக்கை மாற்ற அது துணைசெய்தது.

இப்போது இதற்கென நடக்கும் வகுப்புகளில் கைவேலைக்கு முன் கேள்விகளைக் கற்பிக்கிறார்கள். கீமோ மருந்து கடைசியாக ஏறிய நாள் எது, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை என்ன, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நிணமுடிச்சுகளை எடுத்திருக்கிறார்களா, எலும்பில் நோய் இறங்கியிருக்கிறதா, மருந்தேற்றும் குழாய் தோலுக்கடியில் எவ்விடம் பதிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அழுத்தத்தையும் நோயாளி படுக்கும் நிலையையும் மாற்றவேண்டும். அழுத்தத்துக்கு ஐந்து படிகள் கொண்ட அளவு ஒன்று உண்டு. முதற்படி தோலில் லோஷன் பூசும் அளவே. உள்ளங்கை முழுவதும் படியும், கீழுள்ள தசை அசையாது. தட்டணுக்கள் மிகக் குறைந்தவருக்கு அதற்கு மேல் ஏறுவதில்லை, ஏறினால் கன்றிவிடும். மார்பில் அறுவை செய்துகொண்டு முடிச்சுகளை இழந்தவரின் அப்பக்கத்துக் கையில், அது பார்வைக்கு எவ்வளவு சாதாரணமாக இருந்தபோதிலும், ஆழ்ந்து பிசைந்தால் தீராத வீக்கம் கிளம்பக்கூடும். இருபது வருஷமாகக் கட்டைவிரலை ஆழமாக ஊன்றிப் பெயரெடுத்தவருக்கு ஒன்றுமே செய்யாததுபோல் தோன்றும் இந்த முதற்படிதான் கற்பதற்குக் கடினமானது. பக்கத்து மேஜையில் படுத்திருக்கும் சகபாடி, கண்ணைத் திறவாமலே, இன்னும் அழுத்துகிறாய் என்று சொல்லச் சொல்லத்தான் அது கைக்கு வருகிறது.

இத்தொழிலாளிகள் பெரும்பாலும் தனித்தனி அறையில், கதவை மூடிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒருவருக்கே ஊழியம் செய்பவர்கள். ஒருவர் வேலையை மற்றொருவர் பார்க்க வாய்ப்பில்லை. ஆகையால் வகுப்பும் மாநாடும் அறிவு பெறுவதற்கு மட்டுமின்றி, தம்மையொத்த கைகளைச் சந்திப்பதற்கும் இடமாகின்றன. ஒருவருக்கொருவர் சிகிச்சை செய்து கூலியின்றிக் கடன் தீர்த்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. தம் முதுகில் படும் புதிய கையிலிருந்து கற்பது புத்தகத்தில் கிடைப்பதில்லை. கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்ந்து, வேலையை விட்டவர்கள் பலர். விரலைச் சேமித்து முன்கையையும் முழங்கையையும் உடற்பாரத்தையும் பயன்படுத்துவது, மேஜையின் உயரத்தைத் தம் உடம்புக்கேற்பத் தாழ்த்துவது ஆகியவற்றைக் காட்டித்தரும் பாடங்களுக்கு, நோயைப்பற்றிய பாடங்களைவிட அதிக கிராக்கி இருப்பது வியப்பன்று.

குறைகளும் உண்டு. ஒவ்வோர் ஆசானும் தம் முறைக்கு ஒரு பெயர் சூட்டி, அப்பெயரை வியாபார முத்திரையாகப் பதிவு செய்து, ஒன்றாம் நிலை, இரண்டாம் நிலை என்று அடுக்கி விற்கிறார்கள்; பழைய பிசைதலே புதுப் பெயரில் திரும்பி வருவதும் உண்டு. மணிக் கணக்கு நிறைந்தால் போதுமென்று, உரிமம் முடியும் மாதத்தில் வீட்டிலிருந்தபடியே கணினியில் கேள்விகளுக்கு விடை குறித்து அனுப்புவோரும் இருக்கிறார்கள். அதைத் தடுக்கவே சில மாநிலங்களில் நேரில் கற்கவேண்டிய மணிகளுக்குக் கீழ்வரம்பு வைத்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறான ஒழுங்கும் காணக் கிடைக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், தம் மனைவி எஸ்ட்ரிட்டுடன் சேர்ந்து வகுத்து 1936-இல் பாரிஸில் வெளியிட்ட நிணநீர் வடிப்பு முறையைக் கற்றவர்கள், அத்தாட்சி செல்லுபடியாவதற்குக் குறித்த கால இடைவெளியில் ஆசிரியர் முன்னிலையில் மீண்டும் கைவேலையைச் செய்து காட்டவேண்டும். ஒன்டாரியோவில் மணிகளையும் புள்ளிகளையும் சேர்க்கும் பழைய ஏற்பாடு கைவிடப்பட்டு, ஒவ்வொருவரும் தம் தொழிலைத் தாமே பரிசோதித்து, குறை கண்ட இடத்துக்கேற்பத் தமக்கொரு கல்வித் திட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு, காலேஜ் கேட்கும்போது அதனைக் காட்டவேண்டுமென்ற முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது.