தொடாமல் காக்கும் கலை: நவீன ஓவியப் பாதுகாப்பு கடந்துவந்த பாதை

கித்தான் கிழிந்தால் ஒட்டுவது, அழுக்கேறினால் துடைப்பது, வண்ணம் உதிர்ந்த இடத்தில் தீட்டிச் சேர்ப்பது. ஓவியப் பாதுகாப்பு என்றதும் நம் மனத்தில் வருவன இவையே. வார்னிஷ் பூசிய பழைய எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு இவை பெரும்பாலும் போதுமானவை. 20ஆம் நூற்றாண்டின் ஓவியங்கள் இந்த வழக்கத்துக்குப் பணியவில்லை. அவற்றைக் காப்பவரின் வேலை பழுது நீக்குவதிலிருந்து, எந்த அளவு தொடலாம் என்று தீர்மானிப்பதாக எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த மாற்றத்தைப் பெரிதும் உண்டாக்கியவை குறிப்பிட்ட சில ஓவியங்கள் பட்ட காயங்களே என்பது இதன் வாதம்.

மெழுகும் வார்னிஷும்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், நைந்த கித்தானின் பின்புறம் தேன்மெழுகையும் பிசினையும் உருக்கி ஊற்றி, வேறொரு துணியை ஒட்டி, சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துவார்கள். ரெம்பிராண்ட்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்துக்கு 1851இல் இந்த முறையில் பின்துணி ஒட்டப்பட்டது. மெழுகு நூலிழைகளுக்குள் ஊறி நிறங்களை அடர்த்தியாக்கும். ஏற்கெனவே வார்னிஷ் மினுக்கும் ஓவியத்தில் அது குறையாகத் தெரியவில்லை.

1910ஐ ஒட்டிப் பிக்காசோவும் பிராக்கும் வரைந்த கியூபிச ஓவியங்கள் வேறு வகையானவை. மினுக்கம் இல்லாத, வறண்ட மேற்பரப்பையே அவர்கள் விரும்பினார்கள். அந்த ஓவியங்களில் பலவற்றுக்கும் பிற்காலத்தில் பழைய வழக்கப்படி மெழுகு ஏற்றி வார்னிஷ் பூசினார்கள். இதைக் கியூபிசக் கலைஞர்களுக்கு இழைத்த குற்றம் என்றே 1983இல் கலை வரலாற்றாசிரியர் ஜான் ரிச்சர்ட்சன் கட்டுரை எழுதினார். அதற்கு முன்பே, 1974இல் லண்டனின் கிரீனிச் பகுதியில் கூடிய மாநாடு, பின்துணி ஒட்டும் முறைகளை ஒப்பிட்டுக் கேள்விக்கு உட்படுத்தியிருந்தது. வழக்கமாகச் செய்துவந்த ஒரு சிகிச்சை கடைசி வழியாகக் கருதப்படத் தொடங்கியது அந்த மாநாட்டுக்குப் பிறகுதான்.

புதிய வண்ணம், புதிய சிக்கல்

1940களின் இறுதியில் கரைப்பானில் கலக்கும் அக்ரிலிக் வண்ணமும், 1950களின் நடுவில் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணமும் அமெரிக்கக் கலைஞர்களின் கைக்கு வந்தன. தண்ணீர் கலந்த அக்ரிலிக் சீக்கிரம் உலரும். உலர்ந்த பின்னும் சாதாரண அறை வெப்பத்தில் சற்று மென்மையாகவே இருப்பதால், மேலே படியும் தூசி மெல்ல உள்ளே புதையும். தயாரிப்பின்போது சேர்க்கும் சோப்பு போன்ற துணைப்பொருள்கள் காலப்போக்கில் மேற்பரப்புக்கு ஏறிவரும். ஈரப் பஞ்சை ஒருமுறை உருட்டினால் தூசியோடு அவையும் சேர்ந்து வந்துவிடும். வண்ணப்படலமும் தண்ணீரில் உப்பும். பஞ்சில் ஒட்டியது அழுக்கா, ஓவியத்தின் ஒரு பகுதியா? பாதுகாப்பாளர் பஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி இது.

டேட் கலைக்கூடம், கெட்டி பாதுகாப்பு நிறுவனம், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் ஆகிய மூன்றும் இணைந்து இதை ஆராய்ந்தன. 2006இல் லண்டன் டேட் மாடர்னில் நவீன வண்ணங்களுக்கென்றே ஒரு மாநாடு கூடியது. துடைக்கும் நீரின் அமிலத்தன்மையையும் உப்பின் அளவையும் வண்ணத்துக்கு ஏற்பத் திட்டமிட்டு அமைக்கும் பழக்கம் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது.

ஒரே கலைஞர், இரண்டு காயங்கள்

ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 5.4 மீட்டர் அகலமுள்ள பார்னெட் நியூமனின் சிவப்பு ஓவியம் ஒன்றை 1986இல் ஒருவர் கத்தியால் கிழித்தார். நியூயார்க்கில் பழுது பார்க்கப்பட்டு 1991இல் திரும்பியபோது அந்தச் சிவப்பு உயிரிழந்து கிடப்பதாகப் பார்வையாளர்கள் குமுறினார்கள். ஓவியத்தின் மேல் உருளையால் வேறு வண்ணம் பூசப்பட்டிருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நியூமன் 1970இலேயே இறந்துவிட்டதால் அவரிடம் கேட்கவும் வழியில்லை. ஒரே நிறம் பரந்த வெளியில் மறைக்க இடமே கிடையாது. உருவங்கள் நிறைந்த பழைய ஓவியத்தில் மெல்லிய கோடுகளால் இழப்பை நிரப்பலாம். இங்கே ஒரு கோடுகூடக் கண்ணை உறுத்தும்.

அதே நபர் 1997 நவம்பரில் மீண்டும் வந்து, நியூமனின் ‘கதீட்ரா’ என்னும் நீல ஓவியத்தைக் கிழித்தார். இம்முறை அருங்காட்சியகம் அதை வெளியே அனுப்பவில்லை. சொந்தப் பாதுகாப்பாளர்களே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து சரிசெய்த பின், 2002இல் ஓவியம் மீண்டும் காட்சிக்கு வந்தது. முதல் காயத்தின் பாடம் இரண்டாவது காயத்தை ஆற்றியது எனலாம்.

கலைஞர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைப்பது இன்னொரு பாடம். டெக்சாஸின் மெனில் தொகுப்பில் பணியாற்றிய கரோல் மன்குசி-உங்காரோ, 1990இல் கலைஞர்களை அவர்களின் ஓவியங்கள் முன்னாலேயே பேட்டி எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினார். 1999இல் உருவான பன்னாட்டு வலையமைப்பான இன்கா, இத்தகைய பதிவுகளைப் பாதுகாப்பாளர்கள் பகிர்ந்துகொள்ள வழி செய்தது.

ரோத்கோவின் இரு ஓவியத் தொகுதிகள்

2012 அக்டோபரில் டேட் மாடர்னில் மார்க் ரோத்கோவின் ‘பிளாக் ஆன் மரூன்’ ஓவியத்தில் ஒருவர் கறுப்பு மையால் எழுதினார். மை பல அடுக்குகளுக்குள் ஊறிவிட்டது. பாதுகாப்பாளர்கள் உடனே ஓவியத்தில் கை வைக்கவில்லை. ரோத்கோ குடும்பம் தந்த, அவரே 1950களில் அடிவண்ணம் பூசிய கித்தானில் அதே மையைத் தடவி, கரைப்பான்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பென்சைல் ஆல்கஹாலும் எத்தில் லாக்டேட்டும் கலந்த கலவை தேர்வானது. 18 மாத உழைப்புக்குப் பின் 2014 மே மாதம் ஓவியம் சுவருக்குத் திரும்பியது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்துக்காக ரோத்கோ வரைந்து 1964இல் மாட்டப்பட்ட ஐந்து ஓவியங்களின் கதை வேறு. அவர் கலந்த லித்தால் ரெட் என்னும் நிறமி சூரிய ஒளி பட்டு வெளுத்தது. 1979க்குள் அவை கழற்றி உள்ளே வைக்கப்பட்டன. வார்னிஷ் இல்லாத அந்த மேற்பரப்பில் தூரிகையால் வண்ணம் சேர்த்தால் பிறகு அதைப் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே ஆய்வாளர்கள் 1964இன் வண்ணப் புகைப்படங்களையும், மாட்டப்படாமல் நிறம் காத்துநின்ற ஆறாவது ஓவியத்தையும் வைத்து இழந்த நிறத்தைக் கணக்கிட்டார்கள். 2014இல் நடந்த கண்காட்சியில், குறைந்த நிறத்தை மட்டும் ஒளியாக, புள்ளி புள்ளியாகக் கித்தான் மேல் வீழ்த்தினார்கள்.

முடிவுரை

1851இன் உருகிய மெழுகு ஒருமுறை உள்ளே போனால் முழுமையாகத் திரும்பி வராது. 2014இன் ஒளியை ஒரு பொத்தானால் அணைத்துவிடலாம். இந்த 163 ஆண்டுகளில் பாதுகாப்பாளர் பெற்ற அறிவின் பெரும்பகுதி தம் கையை அடக்கிக்கொள்ளும் அறிவு. ஒளியால் மீட்ட தோற்றம் உண்மையா, வெளுத்த தோற்றம் உண்மையா என்று அந்தக் கண்காட்சி தீர்ப்புச் சொல்லவில்லை. நாள்தோறும் மாலை 4 மணிக்கு ஒளிவீழ்த்திகளை அணைத்து, ஓவியங்களை அவை இருந்தபடியே காட்டியது.