விளையாட்டிடமும் பொதுப்பணமும்: இடுக்கி, பாலக்காடு எல்லைப்புறங்களின் வரலாற்றிலிருந்து

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 13ஆம் பிரிவு மிகச் சிறியது. தோட்டத்தில் வேலைசெய்யும் தொழிலாளருக்கும் குழந்தைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்துதருமாறு முதலாளிக்கு ஆணையிடும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்பதே அதன் சாரம். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது குழந்தைகளின் விளையாட்டுக்குக் கிடைத்த பழைய சட்டப் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் அப்பிரிவு பேசும் குழந்தைகள் தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்ட குழந்தைகள். பன்னிரண்டு வயது நிறைந்தவரை வேலைக்கு வைத்துக்கொள்ள அன்றைய சட்டம் இடமளித்தது. லயத்து வாசலில் மண்ணளைந்துகொண்டிருந்த நான்கு வயதுப் பிள்ளை அப்பிரிவின் பார்வையில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு 12ஆம் பிரிவு ஒரு காப்பகத்தைத் தந்தது. ஐம்பதுக்குக் குறையாத பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் காப்பகம் கட்டாயம். அதன் தேவை தாயின் கொழுந்து பறிக்கும் நேரத்தைக் கொண்டு அளக்கப்பட்டது. பிள்ளையின் விளையாட்டைக் கொண்டு அன்று.

இடுக்கியும் பாலக்காடும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. இரண்டையும் ஒருசேரப் பேசவைப்பது, தமிழ்நாட்டோடு அவை பகிர்ந்துகொள்ளும் எல்லையும் அவ்வெல்லையோரத்துத் தமிழ் பேசும் உழைப்பாளர் சமூகங்களுமே. 1956க்கு முன் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன; சித்தூர் கொச்சி அரசில் இருந்தது; பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மூன்று ஆட்சிமுறைகள் விட்டுச்சென்ற நில உறவுகளின் மீதுதான் கேரளத்தின் ஊராட்சி முறை பின்னர் அமர்ந்தது. குழந்தைகளின் விளையாட்டிடத்துக்குப் பொதுப்பணம் ஏன் வந்துசேரவில்லை என்ற கேள்விக்கு விடை பணப்பற்றாக்குறையில் இருப்பதைவிட இந்த நில உறவுகளிலேயே மிகுதியாக இருக்கிறது.

மூணாற்றை எடுத்துக்கொள்ளலாம். 1877இல் பூஞ்ஞார் அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற கண்ணன் தேவன் மலை நிலம், பின்னர் ஒரு பெருங்கம்பெனியின் உடைமையாகி, நூறாண்டுக்கும் மேலாகக் கம்பெனி நிர்வாகத்தின் கீழ் இருந்துவந்தது. மலையில் சமதளமே அரிய பொருள். கிடைத்த சமதளம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் துரைமார் கிளப்புக்கும் போக, எஞ்சியதில் கால்பந்து மைதானம் அமைந்தது. 1941இல் தொடங்கிய ஃபின்லே கேடயப் போட்டி இதன் சின்னம். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் தொழிலாளர் அணிகள் மோதிய அப்போட்டி, வாரமெல்லாம் மலைச்சரிவில் முதுகொடிய உழைத்தவர்களுக்குப் பெயரையும் பெருமையையும் தந்தது என்பதை மறுக்கவியலாது. எனினும் அது வயதுவந்த, உடல்வலுவுள்ள ஆண்களின் மைதானம். தொழிலாளர் தொகையில் கொழுந்து பறிக்கும் பெண்களே மிகுதி என்பதை நினைத்தால், இந்த மைதானத்தில் கம்பெனி யாரைத் தன் முகமாகக் காட்ட விரும்பியது என்பது விளங்கும். அவர்தம் மகள்களுக்கும், நடக்க இயலாத பிள்ளைகளுக்கும் அங்கே பார்வையாளர் இடமே கிடைத்தது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கம்பெனி முற்றிலும் புறக்கணித்துவிடவில்லை. 1991இல் தொடங்கிய சிருஷ்டி நலமையமும் அதன் ‘டேர்’ பள்ளியும் தொழிலாளர் குடும்பத்துக் குழந்தைகளுக்காகவே எழுந்தவை. அங்கிருந்து வளர்ந்த கைக்காகிதப் பட்டறையும் இயற்கைச் சாயப் பட்டறையும் பலருக்குத் தொழில் தந்தன. மதிக்கத்தக்க பணி இது. ஆயினும் அது அறக்கொடையின் வழியில் அமைந்தது. கேட்டுப் பெறும் உரிமையாக அன்று. அன்றியும் பயிற்சியும் தொழிலுமே அதன் நோக்கங்கள். பிற பிள்ளைகளோடு திறந்த வெளியில் வெறுமனே விளையாடுவது என்பது அதன் வரம்புக்கு வெளியே நின்றது.

1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நிலமீட்புச் சட்டம் நிலவுடைமையை அரசிடம் கொண்டுவந்தது. ஆனால் ஏறக்குறைய 57,000 ஏக்கர் தேயிலைக்கும் அதன் துணைத் தேவைகளுக்கும் எனக் கம்பெனியின் கையிலேயே தொடர்ந்தது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி காடு. ஊராட்சி என்ற அமைப்பு வந்தபோது அதற்கு வாக்காளர்கள் இருந்தார்கள், வார்டுகள் இருந்தன. காலடியில் நிலம் இல்லை.

இனி அரசமைப்பின் பக்கம். 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் திருத்தங்கள் இரண்டு அட்டவணைகளைச் சேர்த்தன. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் 12ஆவது இனம் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 29 இனங்கள் இருக்கின்றன. நூலகம் உண்டு, சந்தை உண்டு, பண்பாட்டு நடவடிக்கை உண்டு, மாற்றுத்திறனாளிகள் நலமும் உண்டு. விளையாட்டுத் திடல் என்ற சொல் இல்லை. கிராமத்தில் திறந்தவெளி தானாகவே கிடைக்கும், அதற்குச் செலவு எதற்கு என்ற எண்ணம் இதன் பின்னே இருந்திருக்கலாம். கேரளம் 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் விளையாட்டுத் திடல் அமைப்பதைக் கிராம ஊராட்சியின் பணிகளில் சேர்த்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. ஆனால் பணியைப் பட்டியலிடுவது வேறு, இடத்தைத் தருவது வேறு.

1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. இந்தியாவில் வேறெங்கும் அன்று காணாத துணிவு அது. பின்வந்த வழிகாட்டுநெறிகள், ஊராட்சியின் வளர்ச்சி நிதியில் 5 விழுக்காட்டைக் குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ஒதுக்கக் கட்டளையிட்டன. ஆக, பணம் வரும் வழி திறந்தே இருந்தது. தடை வேறோரிடத்தில். ஊராட்சி தன் பணத்தில் உருவாக்கும் நிலையான சொத்து ஊராட்சியின் நிலத்தில், அல்லது ஊராட்சிக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட நிலத்தில் இருக்கவேண்டும். அது ஆஸ்திப் பதிவேட்டில் ஏறவேண்டும். பதிவேட்டில் ஏறாத சொத்துக்குப் பராமரிப்பு நிதி கிடையாது. எஸ்டேட் லயங்களைச் செப்பனிட மாநில வரவு செலவுத் திட்டம் 10 கோடி ரூபாய் ஒதுக்கியபோதும் இதே சிக்கல்தான் குறுக்கே நின்றது. கூரைக்கே வழிபிறக்காத இடத்தில் ஊஞ்சலுக்கு எப்படி வழிபிறக்கும்?

அதனால் அந்த 5 விழுக்காடு பெரும்பாலும் தனியாள் பயன்களாகவே பங்கிடப்பட்டது: கல்வி உதவித்தொகை, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், செவிக்கருவி. 2004இல் வெங்ஙானூரில் முதன்முதலாகத் தோன்றிய ‘பட்ஸ்’ பள்ளிகள் மட்டுமே கூட்டுப்பயனுக்கான பெரிய விதிவிலக்கு. தனியாள் பயனுக்கு நிலம் வேண்டாம், பயனாளியின் பெயரைச் சொல்லலாம், நிதியாண்டு முடிவதற்குள் செலவுக் கணக்கைக் காட்டலாம். உறுப்பினர்களைக் குறைசொல்வதற்கில்லை, விதிகளே அப்பக்கம் தள்ளின. மேலும் கிராம சபையின் திட்ட ஆவணங்களின் மொழி மலையாளம். 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அரசோடு தம் மொழியில் எழுத்துத்தொடர்பு கொள்ளும் உரிமையை வழங்கியிருந்தாலும், திட்டம் வகுக்கும் மேசையில் அவ்வுரிமை அதிகம் உதவுவதில்லை.

பாலக்காட்டு எல்லையில் சிக்கலின் உருவம் வேறு. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்ஞாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை ஆகிய ஊராட்சிகளில் நிலம் பரந்து கிடக்கிறது. அறுவடை முடிந்த வயல் பந்தாடும் களமாகும்; ஊர்க்கோயிலைச் சார்ந்த ‘மந்தம்’ ஆட்டத்துக்கும் கூத்துக்கும் இடமாகும். தமிழின் ‘மந்தை’யோடு இச்சொல்லை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையான ஆய்வாக அமையும். ஆனால் இவை எவருடைய இசைவால் திறக்கும் வெளிகள் என்பதே கேள்வி. 2017இல் முதலமடையின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பில் சக்கிலியர் சமூகத்தார் தேநீர்க் குவளையிலும் குடிநீர்க் குழாயிலும் எதிர்கொண்ட தீண்டாமை கேரளம் முழுதும் பேசப்பட்டது. குழாயடியில் பிரிக்கப்படும் குழந்தை வயலில் மட்டும் சேர்த்துக்கொள்ளப்படும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ‘அனைவரையும் உள்ளடக்கிய’ என்ற அடைமொழியை உடற்குறைபாட்டோடு மட்டும் இணைத்துப் பேசும் திட்ட ஆவணங்கள் இந்த எல்லையில் பாதி உண்மையையே சொல்கின்றன. நன்செய் உரிமையாளரின் தயவை நம்பாத, ஊராட்சிக்கே உரிய ஒரு திடல் இங்கே சாதி ஒழிப்பின் கருவியும் ஆகும்.

இம்மாவட்டங்களில் பொதுப்பணம் விளையாட்டு வெளிகளுக்குச் செலவாகவே இல்லையா என்றால், செலவாகியிருக்கிறது. 1955இல் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்த மலம்புழா அணையைச் சுற்றித் தோட்டமும் சிறுவர் பூங்காவும் வளர்ந்தன. மூணாற்றிலும் அரசுப் பூங்காக்கள் உண்டு. ஆனால் அவை சுற்றுலாவின் கணக்கில் எழுந்தவை. வாயிலில் நுழைவுச்சீட்டு வேண்டும். லயத்துப் பிள்ளை அங்கே ஆண்டுக்கொருமுறை செல்லும் விருந்தாளி.

காட்டுக்குள் நிலைமை இன்னும் இறுக்கமானது. 2010இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிந்து கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில் முதுவர் வாழ்கின்றனர். முதலமடை ஊராட்சிக்குட்பட்ட பரம்பிக்குளத்தில் காடரும் மலசரும் பிறரும் வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3(2)ஆம் பிரிவின்படி, ஒரு ஹெக்டேருக்குட்பட்ட வனநிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு பொதுத்தேவைக்கு மாற்ற அனுமதிக்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக்கடை, சாலை, சமுதாயக்கூடம் என 13 இனங்கள் அதில் உள்ளன. விளையாட்டுத் திடல் இங்கும் இல்லை. பதினோராம் அட்டவணையின் மௌனம் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு சட்டத்தில் அப்படியே திரும்பியிருக்கிறது.

உலக அளவில் இச்சிந்தனை பழையது. 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் குடியிருப்பில் சோரன்சன் வடிவமைத்த பழம்பொருள் திடலைக் கண்டு ஊக்கம் பெற்ற லேடி ஆலன், 1970இல் இலண்டனின் செல்சியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சாகசத் திடலைத் திறக்கச் செய்தார். 1992இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பும், 2007இல் ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பும் விளையாட்டை உரிமையாகவே பேசுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் விளையாட்டுக் கட்டமைப்பை மறுவடிவமைக்கச் சொல்கிறது. இந்தியாவில் இவற்றுக்கு உருக்கொடுத்த எடுத்துக்காட்டுகளாகச் சுட்டப்படும் பெங்களூரு கோல்ஸ் பூங்கா, சென்னைச் சாந்தோமின் சிறப்புக் குழந்தைகள் பூங்கா ஆகிய இரண்டும் மாநகராட்சிகளின் நிலத்தில் எழுந்தவை. பன்னிரண்டாம் அட்டவணை விளைந்த இடத்தில் விளைந்தவை அவை.

பள்ளி வளாகம் ஒரு மாற்றுவழியாகத் தோன்றலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்குத் திடலும் தடையற்ற அணுகலும் வேண்டும் என்கிறது. திடலில்லாத பள்ளிகளின் மீது, தேவையெனில் மூடுவது வரை, நடவடிக்கை எடுக்கக் கேரள உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஆணையிட்டது. உலக வங்கியின் துணையோடு நடந்த ‘ஸ்டார்ஸ்’ திட்டத்தின் ‘வர்ணக்கூடாரம்’, பள்ளியொன்றுக்கு 10 இலட்சம் ரூபாயில் முன்பருவ வகுப்புகளுக்கு வெளிப்புற விளையாட்டிடம் உட்படப் பதின்மூன்று செயற்பாட்டிடங்களை அமைத்தது. பயனுள்ள திட்டமே, ஆனால் மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படும் வாயில் சமூகத்தின் திடலாவதில்லை. மாநில விளையாட்டுத் துறையின் ‘ஒரு பஞ்சாயத்து, ஒரு களிக்களம்’ திட்டம் திடலுக்கு ஒரு கோடி ரூபாய் மதிப்பிட்டு, அதில் பாதியைத் தானே தருகிறது. மறுபாதி உள்ளாட்சி நிதி, சட்டமன்ற உறுப்பினர் நிதி போன்றவற்றிலிருந்து வரவேண்டும். நிலத்தை ஊராட்சிதான் காட்டவேண்டும். நிலமுள்ள ஊராட்சிகள் முந்துகின்றன. தோட்ட ஊராட்சிகள் வரிசையின் கடைசியில் நிற்கின்றன.

இந்நிலையில் 1951ஆம் ஆண்டுச் சட்டமே விடைபெற்றுவிட்டது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தில் அமர்ந்திருக்கிறது. தோட்டங்களில் நல வசதிகளை முதலாளி தன் சொந்தச் செலவில் செய்யலாம், அல்லது மத்திய, மாநில, நகராட்சி, ஊராட்சித் திட்டங்களின் வழியாகவும் செய்யலாம் என்கிறது புதிய சட்டம். அதாவது ஊராட்சி திட்டம் போட்டால் முதலாளி தன் கடமையை நிறைவேற்றியவர் ஆகலாம். ஊராட்சியோ, நிலத்தை எழுதிக்கொடுக்காத முதலாளியின் வளாகத்தில் நிலையான எதையும் கட்டவியலாது. தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் ஊராட்சிகள் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்காகக் கூடும்போது, குத்தகை நிலத்தில் ஐந்து சென்ட் சமதளத்தையாவது பொதுப் பயனுக்கு எழுதிவாங்கும் தீர்மானம் அவர்களின் கோப்பில் முதல் தாளாக இருக்குமா என்பதைப் பொறுத்தே மீதியெல்லாம் அமையும்.