துருவின் கணக்கு: காரைக்குடி மின்வேதியியல் ஆய்வும் பொறியியல் அறிவின் உருவாக்கமும்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிக்ரி) வரலாறு பெரும்பாலும் கொடையின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும், 1948 ஜூலை 25இல் நேரு நாட்டிய அடிக்கல்லும், 1953 ஜனவரி 14இல் இராதாகிருஷ்ணன் நிகழ்த்திய திறப்பும் அவ்வரலாற்றின் நிலைத்த கூறுகள். கொடையின் பெருமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் அவ்வளாகத்தில் அறிவு எவ்வாறு உருவானது என்னும் வினா அதனால் பின்தள்ளப்படுகிறது.

அரிமான ஆய்வு இதற்குத் தக்க சான்று. உப்புக்காற்றில் எஃகு எத்தனை விரைவாகத் துருப்பிடிக்கும் என்பதை வேதியியல் சமன்பாடு மட்டும் சொல்லிவிடாது. ஈரப்பதம், காற்றிலுள்ள உப்பின் அளவு, மழை கழுவும் முறை ஆகியவை இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே நிறுவனம் மண்டபத்தில் கடற்கரைச் சோதனை நிலையம் ஒன்றை நிறுவியது. எடைபோட்ட உலோகத் தகடுகளைச் சட்டங்களில் பொருத்தித் திறந்தவெளியில் விடுவர். குறித்த காலம் கழிந்தபின் துருவை நீக்கி மீண்டும் எடைபோடுவர். இழந்த எடையே அரிமான வீதத்தைத் தரும். முறை எளிது, காத்திருப்பே கடினம். ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்தையும் விஞ்சக்கூடிய இத்தகைய சோதனையைத் தாங்குவது தனிமனித மேதைமையன்று, நிறுவனத்தின் தொடர்ச்சியே.

கட்டடக் கம்பிகளுக்கான சிமெண்டுக் குழம்புப் பூச்சு இன்னொரு பாடத்தைத் தருகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பியின்மேல் உருவாகும் மெல்லிய காப்புப்படலத்தைக் குளோரைடு சிதைக்கிறது. எபாக்சிப் பூச்சு இதனைத் தடுக்கக்கூடும். ஆனால் கம்பியை வளைக்கும்போதோ இழுத்துச் செல்லும்போதோ அது கீறுண்டால், கீறலிலேயே அரிமானம் குவியும். காரைக்குடியில் உருவான முறையோ துருநீக்கம், பாஸ்பேட்டுப் பூச்சு, அரிமானத் தடுப்பான் கலந்த சிமெண்டுக் குழம்பு, மேற்பூச்சு என்று பணித்தளத்திலேயே செய்யத்தக்கது. பழுதையும் அங்கேயே சரிசெய்யலாம். கூலித் தொழிலாளியின் கையும் தூரிகையும் இங்கு வடிவமைப்பின் நிபந்தனைகளாகின்றன.

வால்டர் வின்சென்டி, 1990இல் வெளியான தம் நூலில், பொறியியல் அறிவு அறிவியலின் வெறும் பயன்பாடன்று என்று வாதிட்டார். அவரது சான்றுகள் விமானத் தொழிலைச் சார்ந்தவை. பணித்தளத் தொழிலாளியை அறிவின் பங்காளியாகக் கருத அவை நேரடியாக இடந்தருவதில்லை. காரைக்குடிச் சான்று அவ்விடைவெளியைச் சுட்டுகிறது. ஆய்விதழ்க் கட்டுரைகளில் இடம்பெறுவன ஆய்வாளர் பெயர்கள். தகடு பொருத்தியவரும் குழம்பு பூசியவரும் அவற்றில் இடம்பெறுவது அரிது. அவர்களைத் தேடுவோர் எடைக்குறிப்பேடுகளிலிருந்தும் ஓய்வுபெற்ற பணியாளரின் வாய்மொழியிலிருந்தும் தொடங்கவேண்டியிருக்கும்.