கோடை விடுமுறையும் கல்லங்குறிச்சி கடலும்

கோடை விடுமுறை என்றால் சென்னைப் பிள்ளைகளுக்கு மெரினா, நாகைப் பிள்ளைகளுக்கு வேளாங்கண்ணி. கடலே இல்லாத ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லங்குறிச்சியில் இருந்து கிழக்கே நேர்கோடு போட்டு அளந்தாலே கடல் எண்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கொள்ளிடம், காவிரி, டெல்டா வயல்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் இந்த ஊருக்கும் கடலுக்கும் உள்ள உறவு மெரினாவுக்கும் சென்னைக்கும் உள்ள உறவை விடப் பழையது. எவ்வளவு பழையது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் தாத்தா, அப்பாயி கதை.

கல்லங்குறிச்சி என்றால் எல்லோருக்கும் தெரிந்தது கலியுக வரதராசப் பெருமாள் கோயில். மூலஸ்தானத்தில் வழக்கமான சிலை கிடையாது, உயரமான ஒரு கல் தூண்தான் பெருமாள். ராமநவமியை ஒட்டித் திருவிழா, பிறகு தேர். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்கும் சமயம் அது. தேர் முடிந்து பெரியவர்கள் வேலைக்குத் திரும்பி விடுவார்கள். பரீட்சை முடிந்த பேரன் பேத்திகள் மட்டும் ஊரிலேயே தங்கி விடுவார்கள். பத்து நாள் போனால் கத்திரி வெயில். கிணற்றில் தண்ணீர் இறங்கி இருக்கும், வீட்டில் கரண்ட் இருக்காது. அப்போதுதான் "கடலுக்குக் கூட்டிட்டுப் போ தாத்தா" என்ற பாட்டு ஆரம்பமாகும்!

தாத்தா மசிவது அவ்வளவு சுலபம் இல்லை. ஏனென்றால் அந்தத் தலைமுறைக்குக் கடல் என்பது விளையாடப் போகும் இடமே இல்லை. கடல் ஒரு தீர்த்தம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் முழுகி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, ஈர வேட்டியோடு பஸ் ஏறுவார்கள். மாசி மகத்துக்கு சுவாமியே கடலாட வருவார். கூட வந்த பேரப்பிள்ளைகள் கரையில் கொஞ்சம் கிளிஞ்சல் பொறுக்கிக் கொண்டால் அதுதான் பொழுதுபோக்கு.

அப்படியானால் பொழுதுபோக்காகக் கடலுக்குப் போவது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்ததா? பாதி உண்மை.

1750களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய மருத்துவர் கடல்நீரில் குளித்தாலும் அதைக் குடித்தாலும் கூட சுரப்பி நோய்கள் தீரும் என்று எழுதினார். (குடித்தவர்கள் பாவம்!) பணக்காரர்கள் பிரைட்டன் கடற்கரைக்குப் படை எடுத்தார்கள். 1841ல் லண்டனில் இருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்ததும் சாதாரண ஜனங்களும் கிளம்பி விட்டார்கள். வைத்தியம் விடுமுறையாக மாறியது இப்படித்தான். சென்னையில் 1880களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப், கடலோரத்தில் உலாவும் பாதை அமைத்து, சிசிலித் தீவின் நினைவாக அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். அதுவரை அது மீனவர்களின் கரை.

மீதி பாதி நம்முடையது. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் சிறுமிகள் மணலில் சிற்றில் கட்டுகிறார்கள், நண்டை விரட்டி விளையாடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்று ஒரு பகுதியே இருக்கிறது. இந்திர விழா முடிந்து புகார் நகரமே கடற்கரைக்குத் திரண்டு போகிறது. கோவலனும் மாதவியும் போகிறார்கள். அந்தப் பயணம் நல்லபடியாக முடியவில்லை என்பது வேறு கதை.

ஆக, இங்கே ஆசை பழையது. இல்லாமல் இருந்தது வண்டி வசதிதான். 1926ல் மாயவரத்தில் இருந்து தரங்கம்பாடிக்கு ரயில் பாதை போட்டார்கள். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கடல்! 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை எதிரே நிற்கும். அந்த ரயில் 1986ல் நின்று போனது. அதன்பிறகு பஸ் அல்லது வேன்தான்.

ஜெயங்கொண்டம், அணைக்கரை, மயிலாடுதுறை என்று போகிற வழியிலேயே ஒரு பெரிய வேடிக்கை உண்டு. கங்கைகொண்ட சோழபுரம். 1025ல் கடல் தாண்டி ஸ்ரீவிஜயம் வரை கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம், கடலே கண்ணுக்குத் தெரியாத இந்த மேட்டு நிலத்தில்தான் இருந்தது. வேனில் தூங்கும் பேரனைத் தாத்தா எழுப்பிக் காட்ட வேண்டிய இடம். அடுத்து அணைக்கரையில் ஆர்தர் காட்டன் 1836ல் கட்டிய கீழணை. அதைத் தாண்டினால் காற்றே மாறி விடும்.

தரங்கம்பாடியில் இறங்கியதும் பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடும். அப்பாயி புளிசாத மூட்டையோடு மணலில் உட்கார்ந்து "உள்ள போகாதடா" என்று கத்திக் கொண்டே இருப்பார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு நிஜமான பயம் சேர்ந்து விட்டது. சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். தரங்கம்பாடியும் அப்போது அதில்தான் இருந்தது. இங்கே கடல் முன்னேறிக் கொண்டே இருக்கிறது என்பதற்கு சுனாமி கூட வேண்டாம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று விட்டது.

கடைசியில் பாலித்தீன் பை நிறையக் கிளிஞ்சலோடு வேன் ஊர் திரும்பும். சரி, இப்போது முதலில் விட்ட விஷயத்துக்கு வருவோம்.

அந்தப் பையில் இருக்கும் கிளிஞ்சலுக்காக அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம்! சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கல்லங்குறிச்சியே கடலுக்குள் இருந்தது.

இது கற்பனை இல்லை. உலகம் முழுவதும் புவியியல் படிப்பவர்களுக்கு இந்த ஊரின் பெயர் தெரியும். இங்கே கிடைக்கும் சுண்ணாம்புப் பாறை அடுக்கின் பெயரே "கல்லங்குறிச்சி ஃபார்மேஷன்". இந்தியா தென் கண்டங்களில் இருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த காலத்தில், கிழக்கே இருந்த கடல் இந்தத் தாழ்வான பகுதிக்குள் புகுந்தது. பல முறை வந்தது, பல முறை பின்வாங்கியது. கல்லங்குறிச்சியில் இருந்தது ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல். சிப்பிகள் அங்கே கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. புயல் அடிக்கும் போதெல்லாம் ஓடுகள் குவியல் குவியலாக ஒதுங்கின. அவைதான் இறுகிக் கல்லாயின. கிரைஃபியா என்ற கனத்த சிப்பி உள்ளங்கையை நிறைக்கும். இன்னொரு வகைச் சிப்பியின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து போகும். கடல் முள்ளெலிகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள் கணக்கில் அடங்கா.

இதை முதலில் வெளி உலகுக்குச் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் பொறுக்கிய கல் கிளிஞ்சல்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846ல் எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியைச் சுற்றிப் பாறைகளை வரைபடம் ஆக்கினார். (பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரும் இவர்தான்.) சேகரித்த உயிரினங்களுக்கு எல்லாம் பெயர் வைத்து நான்கு பெரிய தொகுதிகளாக விவரித்தவர் ஸ்டோலிச்கா, இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். வேலையை முடித்துவிட்டு மத்திய ஆசியப் பயணம் போனவர், திரும்பும் வழியில் 1874ல் லடாக்கில் இறந்து போனார். வயது 36.

கடல் பின்வாங்கிய பிறகு இங்கே ஆறுகள் ஓடின, கரையில் டைனோசர்கள் திரிந்தன. பக்கத்தில் கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் "புருஹத்காயோசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. ஆனால் அந்த எலும்புகள் பாதுகாக்க முடியாமல் நொறுங்கிப் போய் விட்டன. இன்று மிச்சம் இருப்பது வரைபடங்களும் புகைப்படங்களும் பெயரும்தான். ஏழு கோடி வருடம் மண்ணுக்குள் தாக்குப் பிடித்தது, வெளியே எடுத்த பிறகு சில பத்து வருடம் கூடத் தாங்கவில்லை!

கிளிஞ்சல்களின் கதை வேறு. அவை நொறுங்குவது மழையில் இல்லை, ஆலையில். அரியலூரை சிமெண்ட் நகரம் என்று சொல்வதற்குக் காரணமே இந்தப் பழைய கடல்தான். 1979ல் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை அரியலூரில் வந்தது. தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. கல்லங்குறிச்சியைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். ஒரு டன் கிளிங்கர் செய்ய ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரி சூட்டில் சுட்டால் சிப்பியாவது நத்தையாவது, எல்லாம் ஒரே பொடி.

இதில் யாரைக் குறை சொல்வது என்பது லேசான கேள்வி இல்லை. ஊரில் பலருக்குச் சோறு போடுவது இந்தக் கல்தான். பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வரும் ஒட்டு வீடு மாடி வீடு ஆனதும் இந்தக் கல்லால்தான். அப்பாயி வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு கூட கிளிஞ்சலைச் சுட்டுத்தானே வருகிறது? மனிதர்கள் கடலைச் சுட்டுத் தின்பது புதிது இல்லை. ஆனால் வெற்றிலைக்கு ஒரு சிட்டிகை போதும். லாரி லாரியாகப் போவது வேறு கணக்கு. தோண்டி முடித்த குழிகளில் மழைநீர் தேங்கிப் பச்சையாக நிற்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் அசப்பில் கடல் மாதிரியே இருக்கும். கோடையில் பிள்ளைகள் அதில் குதிக்கத் துடிப்பார்கள். செங்குத்தான கரை, ஆழம் தெரியாத தண்ணீர். தரங்கம்பாடி அலையை விட இதுதான் ஆபத்து என்று பெரியவர்கள் திட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

காப்பாற்றும் முயற்சி நடக்காமல் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டெடுத்த கல்மரம், பதினெட்டு மீட்டர் நீளத்தில், தேசியப் பூங்காவாக வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் ஒரு அரை நாள் ஒதுக்கினால் பார்த்து விடலாம், டவுன் பஸ்ஸிலேயே. நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம் கூட அம்மோனைட் என்ற கடல் உயிரின் கல்லான ஓடுதான். அதைப் பெருமாளாக வைத்துப் பூஜை செய்கிறோம். அரியலூர் வட்டாரத்து அம்மோனைட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை போலும்.

கடலுக்குப் போய் வந்த மறுநாள் பையைக் கொட்டி எண்ணும் போது, ஒரு கிளிஞ்சலை எடுத்துக் கொண்டு தாத்தாவோடு வயல் வரப்பு வரை நடந்தால் போதும். உழவில் புரண்டு வந்த கல்லில் அதே மாதிரி ஓடு ஒன்று ஒட்டி இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிகள் கூட ஒத்துப் போகும். ஒன்று நேற்று அலையில் ஒதுங்கியது. இன்னொன்றும் அலையில் ஒதுங்கியதுதான், கொஞ்சம் முன்னால். பேத்தி எதை அப்பாயியின் மாடத்தில் வைக்கச் சொல்வாள் என்பது அவள் இஷ்டம்.